கடிகாரக் கடையிலிருந்து ஒரு மேஜிக்காரர்

ஹூடினி என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. கைவிலங்கு, சிறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றிலிருந்தும் தப்பித்து வந்தவர். ஆனா அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. எரிக் வைஸ் என்ற அந்த இளைஞர் ஒரு பிரெஞ்சுக்காரரின் சுயசரிதையைப் படித்து, அதில் அப்படியே மயங்கி, அவர் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்துத் தனக்கு வைத்துக்கொண்டார். இந்தக் கட்டுரை அந்தப் பிரெஞ்சுக்காரரைப் பற்றியது. பெயர் ழான் யூஜின் ராபர்ட்-ஹூடின். நவீன மேஜிக்கின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தா அவர் முதலில் ஒரு மெக்கானிக், பிறகு ஒரு எலக்ட்ரிக்கல் ஆள், அதற்குப் பிறகுதான் மேஜிக்காரர். அதனால நம்ம பத்திரிகையில் அவருக்கு ஒரு இடம் உண்டு.

வக்கீலாக வேண்டியவர்

1805 டிசம்பரில் பிரான்சின் புளுவா என்ற ஊரில் பிறந்தார். அப்பா கடிகாரம் செய்பவர். ஸ்பிரிங், பல்சக்கரம், ஸ்க்ரூ இதெல்லாம்தான் பையனுக்கு விளையாட்டுச் சாமான். ஆனா அப்பாவுக்கு வேற கனவு: மகன் சட்டம் படித்துப் பெரிய ஆளாக வேண்டும். ஆர்லியன்ஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் பத்திரம் எழுதும் நோட்டரி ஒருவரிடம் குமாஸ்தாவாகச் சேர்த்துவிட்டார்.

இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நடந்ததும் அதேதான். குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, அந்த அலுவலகத்தில் இருந்த பறவைக் கூண்டுக்குள் சின்னச் சின்ன இயந்திரங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார் பையன். பறவை ஒரு கட்டையில் உட்கார்ந்தால் ஏதாவது ஒன்று அசையும், திறக்கும், மூடும். கடைசியில் அந்த நோட்டரியே அப்பாவிடம் பேசி, இவனுக்குக் கடிகாரத் தொழில்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டார். உறவினர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார்.

அடுத்து நடந்ததை அவரே தன் சுயசரிதையில் சொல்கிறார். கடிகாரக் கலை பற்றி இரண்டு பாகப் புத்தகம் ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டிருந்தார். கடைக்காரர் அவசரத்தில் வேறு இரண்டு பாகப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து பிரித்தால், உள்ளே இருந்தது அறிவியல் வேடிக்கைகளும் கைவித்தைகளும். திருப்பிக் கொடுக்கவில்லை. விடிய விடியப் படித்தார்.

புத்தகத்தில் ரகசியம் இருந்தது, பயிற்சி இல்லை. பயிற்சிக்கு உள்ளூரில் ஒருவரைப் பிடித்துப் பந்து வீசிப் பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார். நாலு பந்தைக் காற்றில் சுழலவிட்டுக்கொண்டே எதிரில் திறந்து வைத்த புத்தகத்தைப் படிக்கும் அளவுக்குப் பழகினார். கோட்டில் பெரிய பாக்கெட் வைத்துக்கொண்டு, தெருவில் நடக்கும்போதும் ஆட்களோடு பேசும்போதும் உள்ளே கை சீட்டையும் காசையும் உருட்டிக்கொண்டே இருக்கும். கண் ஒரு வேலை, கை ஒரு வேலை. பின்னாளில் 200 பேர் முன்னால் நின்றபோது அவரைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்.

பாரிஸ், கடன், ஒரு சாவு

1830-ல் செசில் ஹூடின் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மாமனாரும் பாரிஸில் பேர் பெற்ற கடிகாரத் தொழிலாளி. மாமனார் வீட்டுப் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் ராபர்ட், ராபர்ட்-ஹூடின் ஆனார். பாரிஸில் பகலில் கடிகாரம், மிச்ச நேரத்தில் பொம்மை இயந்திரம். கண்ணாடி முகப்பு மட்டும் தெரியும், இயந்திரமே தெரியாது, ஆனா முள் ஓடும். அப்படி ஒரு மர்மக் கடிகாரம் செய்து விற்றார்.

வருமானம் சீராக இல்லை. கடன் இருந்தது. பிறந்த குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. 1843-ல் செசிலும் இறந்துபோனார். சின்னக் குழந்தைகளோடு தனியாக நின்ற மனிதர், கேள்வி கேட்டால் எழுதியும் வரைந்தும் பதில் தரும் ஒரு இயந்திர மனிதனைச் செய்து முடித்து, 1844 பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். மன்னர் லூயி பிலிப் வந்து பார்த்தார். வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் பி. டி. பார்னம் அதை விலைக்கு வாங்கிப் போனார். பிறகு மறுமணம் செய்துகொண்டார். வசதியான நண்பர் ஒருவர் பணம் கொடுத்து உதவ, பல வருஷமாக மனதில் இருந்த அரங்கத்தைக் கட்டத் தொடங்கினார்.

வரவேற்பறை மாதிரி ஒரு மேடை

அந்தக் காலத்து மேஜிக் எப்படி இருந்தது? பெரிய அரங்கு, அல்லது சந்தைத் திடல். மேஜிக்காரருக்கு நீள அங்கி, கூர்மையான தொப்பி. மேஜை முழுக்கப் பளபளக்கும் தகர, பித்தளைச் சாமான்கள். மேஜை விரிப்பு தரை வரைக்கும் தொங்கும், ஏன் என்றால் அடியில் ஒரு ஆள் ஒளிந்திருப்பான். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும்.

ராபர்ட்-ஹூடின் இதையெல்லாம் கழற்றிப் போட்டார். பாரிஸின் பலே ராயல் கட்டடத்தில் சில அறைகளைப் பிடித்து, நடுச் சுவர்களை இடித்து, ஏறக்குறைய 200 பேர் உட்காரும் ஒரு கூடம் செய்தார். நம்ம செமினார் ஹால் அளவுதான். மேடையை ஒரு பணக்கார வீட்டின் வரவேற்பறை போல அமைத்தார். வெள்ளையும் தங்கமுமாக மெல்லிய கால்கள் வைத்த மேஜைகள், அடியில் வெறும் காற்று. அவர் போட்டது அங்கி இல்லை. அன்றைக்கு ஒரு பாரிஸ் கனவான் மாலை விருந்துக்குப் போட்டுப்போகும் அதே கருப்பு உடை.

இது அலங்கார விஷயம் மட்டும் இல்லை, டிசைன் முடிவு. 200 பேர் என்பது ஒரு தந்திரமான எண்ணிக்கை. ஒரே மேஜையைச் சுற்றி நாலு பேர் என்றால் ஒரு சீட்டுக்கட்டு போதும். ஆயிரம் பேர் என்றால் தூரமே ரகசியத்தை மறைத்துவிடும். நடுவில் இருக்கும் 200 பேரில் முன்வரிசைக்கு விரல் நுனி தெரியும், பின்வரிசைக்குச் சீட்டே தெரியாது. அதனால் அவர் தேர்ந்தெடுத்த பொருள்கள் கைக்குட்டை, மோதிரம், ஆரஞ்சு, பாட்டில், தொப்பி. பல பொருள்களைப் பார்வையாளர்களிடமே கடன் வாங்கினார். இறங்கி அவர்கள் நடுவில் நடந்தார். தன் பொருள் என்ன ஆச்சு என்று ஒருவர் பதறும்போது, அவரைச் சுற்றி இருப்பவர்களும் சேர்ந்து பதறுவார்கள். கூடம் முழுக்க ஒரே குடும்பம் மாதிரி ஆகிவிடும்.

1845 ஜூலை 3, முதல் காட்சி. சொதப்பிவிட்டது. பயத்தில் வேகமாகப் பேசினார், குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, நிகழ்ச்சி ஓடி முடிந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் எல்லாத்தையும் மூடிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டார். அப்போது பார்க்க வந்த ஒருவர், மூடியது நல்லதுதான், இது ஆரம்பத்திலேயே முட்டாள்தனமான யோசனை என்கிற மாதிரிப் பேசினார். அதைக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. மூடவில்லை, சும்மா ஓய்வு எடுத்தேன் என்று சமாளித்து, மறுபடியும் திறந்தார். இந்த முறை நிதானமாகப் பேசினார்.

மகனும் ஆரஞ்சு மரமும்

கூட்டம் அலைமோத ஆரம்பித்தது 1846 பிப்ரவரியில், மகன் எமிலோடு செய்த இரண்டாம் பார்வை என்ற நிகழ்ச்சிக்குப் பிறகு. பையன் கண்ணைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பான். அப்பா கூட்டத்துக்குள் போய் யாராவது தரும் பொருளைக் கையில் எடுப்பார். பையன் அது என்ன, என்ன நிறம், எந்த நாட்டுக் காசு, எந்த வருஷம் என்று சொல்வான். முதலில் அப்பா கேட்கும் கேள்விக்குள்ளேயே குறியீடு இருந்தது. கூட்டம் அதைச் சந்தேகித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மணி மட்டும் அடித்தார். அதற்கும் சந்தேகம் வந்ததும் மணியும் போயிற்று.

இதற்கான தயாரிப்புதான் ஆச்சரியம். அப்பாவும் மகனும் பொம்மைக் கடைக்கு முன்னால் நிற்காமல் நடந்து போவார்கள். ஒரே பார்வை. கொஞ்ச தூரம் போனதும் ஆளுக்கொரு தாளில், ஜன்னலில் பார்த்த பொருள்களை எழுதுவார்கள். பையன் 40 பொருள் வரை எழுதுவான், அப்பாவை முந்திவிடுவான். மேடையில் அற்புதமாகத் தெரிந்தது, தெருவில் பார்த்தால் வெறும் பயிற்சி.

ஆரஞ்சு மரம் இன்னொரு புகழ்பெற்ற காட்சி. ஒரு பெண்மணியிடம் வாங்கிய கைக்குட்டை காணாமல் போகும். மேஜைமேல் ஒரு சின்ன மரம் பூக்கும், பூ போய்க் காய்க்கும். பழங்களைப் பறித்துக் கூட்டத்துக்குக் கொடுப்பார், நிஜப் பழங்கள். மேலே மிச்சமிருக்கும் ஒரு பழம் விரிய, இரண்டு பட்டாம்பூச்சிகள் அந்தக் கைக்குட்டையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு எழும். கடிகாரக் கடையில் கழித்த வருஷங்கள் மொத்தமும் அந்தத் தொட்டிக்குள் இருந்தன.

1847-ல் ஈதர் மயக்க மருந்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. உடனே அதை எடுத்துக்கொண்டார். இளைய மகன் மூக்கில் ஒரு புட்டியை வைப்பார், கூடத்தில் ஈதர் வாசனை பரவும், பையன் ஒரு கோலில் முழங்கையை ஊன்றியபடி காற்றில் படுத்துவிடுவான். வாசனை திரைக்குப் பின்னாலிருந்து வந்தது, பையனைத் தாங்கியது இரும்பு. குழந்தையை இப்படிக் கொடுமைப்படுத்தலாமா என்று கடிதங்கள் வந்தன. அதையே வெற்றியாக எடுத்துக்கொண்டார். யோசனையின் வேர் நம்ம பக்கம் இருந்தது என்பதையும் சொல்லிவிடணும்: 1830-களின் தொடக்கத்திலேயே மெட்ராஸில் ஒரு முதியவர் கோலில் கை வைத்துக் காற்றில் உட்கார்ந்து காட்டியது ஐரோப்பியப் பத்திரிகைகளில் வந்திருந்தது.

ஒரே சர்க்யூட், இரண்டு கதை

1848-ல் பிரான்சில் புரட்சி. அரங்குகள் காலியாகின. லண்டன் போனார், விக்டோரியா மகாராணி முன்னால் செய்து காட்டினார். 1850-களின் தொடக்கத்தில் அரங்கைச் சீடரிடம் ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கம் ஒதுங்கிவிட்டார். ஓய்வைக் குலைத்தது அரசாங்கத்தின் அழைப்பு. அப்போது அல்ஜீரியா பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்தது. அங்கே மரபூத் எனப்படும் சமயப் பெரியவர்கள் அற்புதங்கள் காட்டி மக்களை எதிர்ப்புக்குத் திரட்டுகிறார்கள் என்று பிரெஞ்சு ராணுவம் கருதியது. பிரெஞ்சுக்காரனின் மந்திரம் இன்னும் பெரியது என்று காட்ட இவரைக் கூப்பிட்டார்கள். 1856-ல் போனார்.

அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அடியில் இரும்புத் தகடு, மேடைக்குக் கீழே மின்காந்தம். கரண்ட் போனால் பெட்டி அசையாது, நிறுத்தினால் குழந்தைகூடத் தூக்கும். பாரிஸில் இதைத் திருட முடியாத பணப்பெட்டி என்று காட்டியபோது ஜனங்கள் சிரித்து ரசித்தார்கள். அல்ஜியர்ஸில் அதே பெட்டி, வேறு வசனம்: உன் பலத்தை நான் எடுத்துவிடுவேன். பலசாலி ஒருவர் மேடையேறி இழுத்து இழுத்துத் தோற்றார். பிறகு கைப்பிடி வழியாக ஷாக் கொடுத்தார். அந்த மனிதர் மண்டியிட்டு விழுந்து, எழுந்து ஓடினார்.

பின்பு உள்நாட்டில் ஒரு திறந்த வெளியில், மேடையே இல்லாமல், ஒரு மரபூத் விடுத்த சவாலுக்காகத் துப்பாக்கிக் குண்டைப் பல்லில் பிடித்துக் காட்டினார். அடுத்த குண்டைச் சுவரில் சுட, சுவரில் ரத்தக் கறை தெரிந்தது. இரண்டு குண்டும் மெழுகு. அன்று அவருக்கு உதவ விளக்கும் இல்லை, திரையும் இல்லை, கை மட்டும்தான். தொழில் ரீதியாகப் பார்த்தால் அவர் வாழ்க்கையின் உச்சம் அதுதான்.

ஆனா அதை வெறும் தொழிலாகப் பார்க்க முடியாது. பாரிஸில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவருக்கு இது ஏமாற்று என்று தெரியும், ஏமாறத்தான் வந்திருக்கிறார். அல்ஜியர்ஸில் ஏறியவருக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. இது மந்திரமில்லை, தந்திரம்தான் என்று மொழிபெயர்ப்பாளர்களை வைத்துப் பிறகு விளக்கினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். பிறகு விளக்கினாலும், ஒரு மனிதரை அவர் ஊரிலேயே, அவர் ஆட்கள் முன்னாலேயே மண்டியிட வைத்தது விளக்கத்தால் அழியாது. மின்காந்தத்துக்கு யார் பக்கமும் இல்லை. அதை எந்தக் கதைக்குள் வைக்கிறோம் என்பது நம்ம கையில் இருக்கு. லேபில் கற்றுக்கொள்ளும் எதற்கும் இது பொருந்தும்.

கடைசி வருஷங்கள்

புளுவாவுக்கு அருகில் செயின்ட் ஜெர்வே என்ற ஊரில் இருந்த அவர் வீடு முழுக்க மின்சாரம் வேலை செய்தது. வாசல் கேட் தானாகத் திறந்து மூடி, வந்தது ஒருவரா பலரா என்று மணியில் சொல்லும். எல்லா அறைக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டும். குதிரைக்குத் தீவனம் நேரத்துக்குத் தானாக விழும். இப்போது ஸ்மார்ட் ஹோம் என்று விளம்பரம் செய்கிறோமே, அதுதான்! கண்ணுக்குள் பார்க்கும் மருத்துவக் கருவிகளையும் வடிவமைத்தார். 1858-ல் சுயசரிதை, 1868-ல் மேஜிக் கலை பற்றிய பாடநூல். மேஜிக் செய்பவர் பந்து வீசும் வித்தைக்காரர் இல்லை, மந்திரவாதி வேஷம் போட்ட நடிகர் என்ற கருத்தை அந்த நூலில்தான் வைத்தார். இன்றும் மேஜிக் கற்பவர்களுக்கு முதல் பாடம் அது.

1870-ல் பிரஷ்யாவோடு போர் வந்தது. ராணுவ அதிகாரியாக இருந்த மகன் யூஜின் போரில் அடிபட்டு இறந்தார். அப்பாவும் அதிக நாள் இருக்கவில்லை. 1871 ஜூன் 13-ல் நிமோனியாவில் காலமானார்.

அவர் பெயரை எடுத்துக்கொண்ட ஹூடினி, 1908-ல் அவரைத் தாக்கி ஒரு புத்தகமே எழுதினார். கண்டுபிடிப்பெல்லாம் இரவல் என்பது குற்றச்சாட்டு. மேஜிக் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் பலர் அந்தத் தாக்குதலை ஏற்கவில்லை. ராபர்ட்-ஹூடினின் பெயர் தாங்கிய பாரிஸ் அரங்கை 1888-ல் ஜார்ஜ் மெலியஸ் என்ற இளைஞர் வாங்கினார். அங்கே மேஜிக் காட்டிக்கொண்டே சினிமா எடுக்கத் தொடங்கினார். திரையில் ஆளை மறைய வைப்பது, தலையை ஊதிப் பெரிதாக்குவது எல்லாம் அவர் கைவண்ணம். நிலாவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் அந்தப் படம் ஞாபகம் இருக்கா? அந்த மெலியஸ்தான்.

1920-களில் சாலை விரிவாக்கத்துக்காக அந்த அரங்கை இடித்துவிட்டார்கள். புளுவா ஊரில் மட்டும் அரண்மனைக்கு எதிரே மேஜிக்குக்கென்று ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. கடிகாரக்காரர் மகனின் இயந்திரங்களை அங்கே போய்ப் பார்க்கலாம்.