அன்டன் கோன்

அன்டன் கோன் (ஜனவரி 1, 1866 - ஏப்ரல் 23, 1936) ஆஸ்திரிய நாட்டைச் சேர்ந்த நோயியல் அறிஞரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். குழந்தைகளின் காசநோயில் நுரையீரலில் தோன்றும் முதற் புண்ணும், அதே பக்கத்தில் வீங்கும் நிணநீர்க் கணுக்களும் சேர்ந்த நிலை இவர் பெயரால் கோன் கூட்டு எனப்படுகிறது.

வாழ்க்கை

வில்லாக் நகரில் பிறந்த கோன், கிராஸ் பல்கலைக்கழகத்தில் 1890 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் வியன்னாவில் வைக்செல்பாமிடம் பணியாற்றினார். 1897 இல் பிளேக் நோயை ஆராய பம்பாய்க்கு வந்த ஆஸ்திரியக் குழுவில் இவரும் ஒருவர். அங்கு அல்பிரெக்ட் என்பவருடன் சேர்ந்து பல பிரேத பரிசோதனைகளைச் செய்தார். பிளேக்கும் நிணநீர்க் கணுக்களை வீங்கச் செய்யும் நோயே என்பது குறிப்பிடத்தக்கது. குழு கொண்டுசென்ற கிருமிகளால் 1898 இல் வியன்னா ஆய்வுக்கூடத்தில் நோய் தொற்றியது. ஆய்வுக்கூடப் பணியாளரும், குழுவில் இருந்த மருத்துவர் முல்லரும், ஒரு செவிலியரும் இறந்தனர். கோன் 1910 இல் பிராகா நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

காசநோய் ஆய்வு

காசநோய்க் கிருமி குழந்தைப் பருவத்தில் பாலின் வழியே குடலினூடாக நுழைகிறது என எமில் வான் பெஹ்ரிங் 1903 இல் வாதிட்டார். கோன் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து 1912 இல் நூலொன்றை வெளியிட்டார். மிகப் பெரும்பாலான உடல்களில் நுரையீரலிலேயே முதற் புண்ணை அவர் கண்டார். கிருமி மூச்சின் வழியே நுழைகிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது. பிரான்சின் பாரோ 1876 இலும் கூஸ் 1898 இலும் இத்தொடர்பை முன்னரே கண்டிருந்தனர். எனவே கோனின் பெயர் மட்டும் நிலைத்தது முழுவதும் நியாயமன்று.

எக்ஸ்-கதிர்ப் படத்தில்

முதற் புண் மிகச் சிறியதாதலால் மார்புப் படத்தில் பெரும்பாலும் புலப்படுவதில்லை. மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் நுழையும் இடத்தில் வீங்கிய கணுக்களே கண்ணில் படும். குழந்தைகளில் இவ்வீக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் காணப்படும். இரு பக்கமும் சமமாக வீங்கியிருந்தால் சார்க்காய்டோசிஸ் போன்ற வேறு நோய்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நேர்ப்படத்தில் இதயத்தின் நிழல் கணுக்களை மறைக்கக்கூடும் என்பதால் பக்கவாட்டுப் படமும் எடுக்கப்படுவதுண்டு. வீங்கிய கணு மூச்சுக்குழாய்க் கிளையை நெருக்கினால் நுரையீரலின் அப்பகுதி காற்றிழந்து சுருங்கிவிடும். இளங்குழந்தைகளின் மூச்சுக்குழாய்கள் குறுகலானவை என்பதால் இந்த ஆபத்து அவர்களுக்கே மிகுதி.

இறப்பு

கோன் 1936 இல் பிராகாவில் காலமானார். இதய வெளியுறையைத் தாக்கிய காசநோயே இறப்புக்குக் காரணம்.