பெயரை மாற்றிக்கொண்ட பாடகர்: பிரெடி மேர்க்குரியின் வாழ்வும் திரைப்படமும்

2018 ஆம் ஆண்டின் இறுதியில் ஐரோப்பிய நகரங்களின் திரையரங்குகளில் 'பொஹீமியன் ரப்சொடி' என்ற படம் வாரக்கணக்கில் ஓடியது. குயீன் என்ற ஆங்கில றொக் இசைக்குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரியின் வாழ்க்கையை அவரது பாடல்களுடனேயே கூறும் படம் அது. உலகெங்கும் 90 கோடி டொலருக்கு மேல் வசூலித்த அப்படம், மறு ஆண்டு நான்கு ஒஸ்கார் விருதுகளையும் வென்றது. மேர்க்குரியாக நடித்துச் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்ற ராமி மலெக், எகிப்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரின் மகன்.

படம் தொடங்கிச் சில நிமிடங்களில், ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனைக் காண்கிறோம். உடன் வேலை செய்பவன் அவனைப் பாக்கிஸ்தானியன் என்று இழிவாக அழைக்கிறான். தான் பாக்கிஸ்தானிலிருந்து வந்தவன் அல்லன் என்று மட்டும் அந்த இளைஞன் விடையளிக்கிறான். அவ்வாறாயின் அவன் எங்கிருந்து வந்தான்? ஏன் வந்தான்? படம் இக்கேள்விகளுக்கு ஓரிரு வசனங்களில் விடை கூறிவிட்டு மேடையை நோக்கி விரைகிறது. அந்த விடையை விரிவாக அறிந்துகொள்ள வேண்டியவர்கள், அதே விமான நிலையத்திலும் அதையொத்த பிற விமான நிலையங்களிலும் வந்திறங்கிய நாம்தான்.

தீவில் பிறந்த பிள்ளை

பிரெடி மேர்க்குரிக்குப் பெற்றோர் இட்ட பெயர் பரோக் புல்சாரா. கிழக்காபிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சன்சிபார் தீவில் 1946 செப்டெம்பர் 5 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பொமி, தாய் ஜெர். இருவரும் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சிகள். இன்று வல்சாட் என வழங்கும் புல்சார் என்ற ஊரின் பெயரே அவர்களது குடும்பப் பெயராயிற்று.

பார்சிகளின் வரலாறே ஓர் அகதி வரலாறுதான். பாரசீகத்தில் ஆட்சி மாறிய பின்னர், தமது சொராஸ்திரிய சமயத்தைக் கைவிட விரும்பாத ஒரு பகுதியினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து குஜராத் கரையில் வந்திறங்கினர். ஆயுதங்களைக் கீழே வைக்க வேண்டும், ஊரின் மொழியைப் பேச வேண்டும், பெண்கள் ஊர்ப் பெண்களைப்போல் உடுக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் அவ்விடத்து மன்னன் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. மொழியை விட்டார்கள், உடையை விட்டார்கள், புனித நெருப்பையும் பிரார்த்தனைகளையும் விடவில்லை. எதை விட்டுக்கொடுப்பது, எதைக் காப்பாற்றுவது என்ற கணக்கு அந்தக் குடும்பங்களுக்குப் புதியதன்று.

அக்காலத்தில் சன்சிபார் பிரித்தானியரின் பாதுகாப்பில் இருந்தது. பொமி புல்சாரா பிரித்தானிய நிர்வாகத்தில் காசாளராகப் பணியாற்றினார். பணியாளர் வைத்து வாழக்கூடிய வசதி குடும்பத்துக்கு இருந்தது. மகன் எட்டு வயதை எட்டியபோது, பம்பாய்க்கு அருகேயுள்ள பஞ்ச்கனி என்ற மலையூரின் சென் பீற்றர்ஸ் பாடசாலைக்குக் கப்பலேற்றி அனுப்பினர். பெற்றோரைப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் விட்டு விடுதியில் வளர்ந்த அச்சிறுவன் அங்கு பியானோ கற்றான். சக மாணவர்களுடன் சேர்ந்து ஓர் இசைக்குழுவை அமைத்தான். பிரெடி என்ற பெயரும் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. ஆகவே பெயர் மாற்றம் லண்டனில் தொடங்கியதன்று. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஒரு பள்ளிக்கூடத்தின் விடுதியில் தொடங்கியது.

1964 சனவரி

1963 டிசெம்பர் 10 ஆம் நாள் சன்சிபார் சுதந்திரம் அடைந்தது. ஆட்சி அராபிய வம்சத்துச் சுல்தானிடம் சென்றது. பெரும்பான்மையான ஆபிரிக்க மக்களிடையே நெடுங்காலமாகக் கனன்றுகொண்டிருந்த கோபம் ஒரு மாதத்துக்குள் வெடித்தது. 1964 சனவரி 12 ஆம் நாள் நடைபெற்ற புரட்சியில் சுல்தானின் அரசு வீழ்ந்தது. அவர் கடல் வழியாகத் தப்பிச் சென்றார். அதைத் தொடர்ந்த நாள்களில் அராபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. தலைமுறைகளாக அயலவராக வாழ்ந்தவர்கள் ஒரே வாரத்தில் அந்நியர் ஆக்கப்பட்டனர். இத்தகைய வாரங்கள் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிரித்தானிய அரசின் ஊழியரான பொமி புல்சாரா, மனைவியையும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, எடுத்துச் செல்லக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு அதே ஆண்டில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். பிரெடிக்கு அப்போது வயது 17. லண்டனின் மேற்கே, ஹீத்ரோ விமானங்கள் தாழப் பறக்கும் பெல்தம் என்ற ஊரில் ஒரு சிறிய வீட்டில் அவர்களது புதிய வாழ்வு தொடங்கியது. தந்தையும் தாயும் கிடைத்த வேலைகளைத் தேடிக்கொண்டனர்.

அவர்கள் ஒரு வகையில் நல்ல காலத்தில் வந்தவர்கள் என்றே கூறவேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1968 இல், கென்யாவிலிருந்து ஆசியர்கள் பெருமளவில் வரத் தொடங்கியபோது, பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தோரையும் தடுத்து நிறுத்தும் சட்டம் சில நாள்களுக்குள் நிறைவேற்றப்பட்டது. புல்சாரா குடும்பம் பின்னால் வந்திருந்தால், உலகம் அறிந்த ஒரு குரல் எந்த வரிசையில் காத்துக்கிடந்திருக்குமோ, யார் அறிவார்?

பெயரும் மேடையும்

கணக்கியலும் சட்டமும் படித்தவர்கள் நிறைந்த உறவினர் கூட்டத்தில், பிரெடி ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தார். ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்று 1969 இல் பட்டயம் பெற்றார். கென்சிங்டன் சந்தையில் பழைய உடைகளை விற்றார். ஹீத்ரோவில் பெட்டி தூக்கினார். 1970 இல் பிறையன் மே என்ற கிற்றார் கலைஞருடனும் றொஜர் ரெய்லர் என்ற தாளக் கலைஞருடனும் இணைந்தார். குழுவுக்குக் குயீன் என்று பெயரிட்டவர் அவரே. நால்வரின் பிறப்பு இராசிகளையும் கொண்டு அதன் இலச்சினையை வரைந்தவரும் அவரே. நான்காமவரான ஜோன் டீக்கன் 1971 இல் வந்து சேர்ந்தார்.

குழு உருவான அக்காலத்திலேயே புல்சாரா என்ற குடும்பப் பெயரையும் அவர் கைவிட்டார். உரோமரின் தேவதூதனுக்கும் புதன் கோளுக்கும் உரிய மேர்க்குரி என்ற பெயரை ஏற்றார். அதன் பின்னர் சன்சிபாரைப் பற்றியோ பஞ்ச்கனியைப் பற்றியோ பத்திரிகையாளர்களிடம் அவர் மிக அரிதாகவே பேசினார். பெரும்பாலான இரசிகர்கள் அவர் ஆசியர் என்பதை அறியாமலேயே அவரைக் கொண்டாடினர்.

இதனை மறைப்பு என்று கண்டிப்போர் உண்டு. அவர் வளர்ந்த காலத்தையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். குடியேறியோருக்கு எதிராக ஈனொக் பவெல் நஞ்சு கக்கிய ஆண்டு 1968. எழுபதுகளில் நிறவெறி அமைப்புகள் வெளிப்படையாக ஊர்வலம் சென்றன. ஆசியர் தெருக்களில் தாக்கப்பட்டனர். அந்நாட்டில் ஆசிய முகத்துடன் றொக் மேடையில் நின்ற முன்னோடி எவரும் அவருக்கு இல்லை. அவர் முகத்தை மாற்றவில்லை, பெயரை மாற்றினார். அது கோழைத்தனமா, தற்காப்பா என்பதைத் தீர்ப்பதற்கு முன்னர், பாடசாலைப் பதிவேட்டில் தமது பெயரைச் சுருக்கிக்கொண்ட நம் பிள்ளைகளையும் நாம் நினைத்துக்கொள்வது நல்லது.

1975 இல் வெளிவந்த 'பொஹீமியன் ரப்சொடி' பாடல் ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் நீண்டது. வானொலிகள் அதை ஒலிபரப்பமாட்டா என இசைத்தட்டு நிறுவனம் அஞ்சியது. அறிவிப்பாளர் கெனி எவரெற் லண்டன் வானொலியொன்றில் ஒரே வார இறுதியில் 14 தடவைகள் அதை ஒலிக்கவிட்டார். பின்னர் அப்பாடல் ஒன்பது வாரங்கள் பிரித்தானியாவில் முதலிடத்தில் நின்றது. அதன் பொருள் என்னவென்று விளக்க மேர்க்குரி இறுதிவரை மறுத்துவிட்டார்.

அவரது வாழ்வில் மன்னிக்கக் கடினமான ஒரு பக்கமும் உண்டு. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்கு எதிராகக் கலைஞர்கள் புறக்கணிப்பு நடத்திய வேளையில், 1984 இல் குயீன் குழு அங்குள்ள சன் சிற்றியில் இசை நிகழ்ச்சிகளை நடத்தியது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. ஐக்கிய நாடுகளின் கறுப்புப் பட்டியலிலும் அவர்களது பெயர் இடம்பெற்றது. இனத்தின் பெயரால் வீடிழந்த குடும்பத்தின் மகன், இனத்தின் பெயரால் மக்களைப் பிரித்த நாட்டில் பாடினார். அகதியாக வாழ்ந்தவர் எல்லோரும் பிறர் துயரை உணர்ந்துவிடுவர் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் இவ்வாழ்க்கை காட்டுகிறது. திரைப்படம் இதைக் கூறவில்லை.

திரை முடிந்த பின்னர்

எதியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட 1985 யூலை 13 ஆம் நாள் வெம்ப்ளி அரங்கில் நடைபெற்ற லைவ் எயிட் நிகழ்ச்சியே படத்தின் உச்சக்கட்டம். ஏறத்தாழ 72,000 பேர் கூடியிருந்த அரங்கை, 21 நிமிடங்களில் மேர்க்குரி தன் கைக்குள் கொண்டுவந்தார். தனக்கு நோய் வந்திருப்பதை அறிந்துகொண்டே அவர் அன்று பாடியதாகவும், பிரிந்திருந்த குழு அதற்காக மீண்டும் இணைந்ததாகவும் படம் காட்டுகிறது. இரண்டும் உண்மைக்கு மாறானவை. குழு அவ்வாண்டு மே மாதம்வரை சேர்ந்தே நிகழ்ச்சிகளை நடத்தியது. எச்.ஐ.வி. தொற்று உறுதியானது 1987 இலேயே.

நிகழ்ச்சிக்குப் புறப்படும் முன்னர் மகன் பெற்றோரின் வீட்டுக்குச் சென்று தந்தையைத் தழுவிக்கொள்ளும் காட்சி பலரையும் கண்கலங்க வைத்தது. அதுவும் திரைக்கதைக்காக அமைக்கப்பட்டதே. உண்மையான காட்சி ஆறு ஆண்டுகள் கழித்து, மேடையும் விளக்குகளும் இல்லாத ஓரிடத்தில் நிகழ்ந்தது.

நோயை அறிந்த பின்னரும் மேர்க்குரி பாடுவதை நிறுத்தவில்லை. ஸ்பானிய ஒபெரா பாடகி மொன்செராத் கபாயேயுடன் இணைந்து பாடினார். சுவிற்சர்லாந்தின் மொன்த்றோ நகரில் குழுவுக்குச் சொந்தமாக இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், நிற்கவும் இயலாத நிலை நெருங்கும்வரை தனது குரலைப் பதிவுசெய்து வைத்தார். எயிட்ஸ் நோயாளியையும், ஆண்களை நேசித்த ஆண்களையும் ஏடுகள் வேட்டையாடிய காலம் அது. அவர் 1991 நவம்பர் 23 ஆம் நாள்தான் தமக்கு எயிட்ஸ் என்பதை அறிக்கை மூலம் உலகுக்குத் தெரிவித்தார். மறுநாள் மாலை லண்டனில் தமது இல்லத்தில் காலமானார். வயது 45. நோயைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 அளவில் பயனுக்கு வந்தன. இன்று உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோர் ஏனையோரைப் போலவே நீண்ட நாள் வாழ்கின்றனர். மறைத்து வைப்பதால் உயிரிழப்போர் இன்றும் உளர். நம் சமூகமும் இதற்கு விலக்கன்று.

நவம்பர் 27 ஆம் நாள் மேற்கு லண்டன் தகனச்சாலையில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அதனை நடத்தியவர்கள் சொராஸ்திரிய மதகுருமார். பாரசீகத்திலிருந்து குஜராத்துக்கும், குஜராத்திலிருந்து சன்சிபாருக்கும், அங்கிருந்து பெல்தமுக்கும் முன்னோர் காவிவந்த அதே பிரார்த்தனைகள் அம்மகனுக்காக ஓதப்பட்டன. பெற்றோர் அங்கிருந்தனர். பெயரை மாற்றியவனை, நெறி விலகியவனென்று பிறர் கூறியவனை, அவர்கள் பரோக் புல்சாராவாகவே வழியனுப்பினர். அவரது சாம்பல் எங்குள்ளது என்பது வெளியிடப்படவில்லை. சென்று மலர் வைக்கக் கல்லறையும் இல்லை.

1996 இல் மொன்த்றோவின் ஏரிக்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. சுவிஸ் வாழ் வாசகர்கள் பலர் அதன் அருகே நின்று படமெடுத்திருப்பர். அதனை வடித்த இரெனா செட்லெஸ்கா, செக்கோசிலோவாக்கியாவைவிட்டு வெளியேறி இங்கிலாந்தில் குடியேறியவர். பிறந்த தீவோ அவரை எளிதில் ஏற்கவில்லை. 2006 இல் அவரது 60 ஆவது பிறந்தநாளைக் கொண்டாடும் முயற்சி, அங்குள்ள மத அமைப்பொன்றின் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2019 இல்தான் சன்சிபாரில் அவருக்கு ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

பெல்தமில், சன்சிபாரிலிருந்து வந்த குடும்பம் வாழ்ந்த அச்சிறு வீட்டின் சுவரில் 2016 செப்டெம்பரில் ஒரு நீலநிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. தந்தை பொமி 2003 இல் மறைந்துவிட்டார். தாய் ஜெர் அந்த நவம்பர்வரை உயிரோடிருந்தார். பலகையில் பிரெடி மேர்க்குரி என்ற பெயருக்குக் கீழே புல்சாரா என்ற பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. மகன் தேர்ந்துகொண்ட பெயரும் பெற்றோர் கொண்டுவந்த பெயரும் அந்தச் சுவரில் ஒன்றாக இருக்கின்றன. அதன் மேலாக விமானங்கள் இன்றும் ஹீத்ரோவுக்கு இறங்கிக்கொண்டிருக்கின்றன.