வரைபடம் வராத பாலிடெக்னிக் மாணவர்

பாய்சான் பரவல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஒரு சூத்திரமும் அதற்குக் கிடைக்கும் மார்க்கும்தான். அந்தப் பெயருக்கு உரியவரும் ஒரு பாலிடெக்னிக் மாணவர், அதுவும் டிராயிங் சுத்தமாக வராதவர் என்று படித்த நாள் முதல் எனக்கு அவர் மேல் தனிப் பாசம்.

சிமியோன் தெனி பாய்சான் 1781 ஜூன் 21-ல் பிரான்ஸ் நாட்டில் பித்திவியே என்ற சிற்றூரில் பிறந்தார். (பிரெஞ்சுக்காரர்கள் வாயில் அது புவாசோன். அர்த்தம் மீன்!) அப்பா பழைய சிப்பாய். பையன் நாலு காசு பார்க்கட்டும் என்று, அறுவை வைத்தியரான மாமாவிடம் தொழில் பழக அனுப்பினார். முட்டைக்கோஸ் இலையின் நரம்பைக் கத்தி முனையால் குத்திப் பழக வேண்டுமாம். பையனுக்கு இலை நரம்பே அகப்படவில்லை. அவர் கை வைத்த முதல் நோயாளிகளில் ஒருவர் இறந்தே போனார் என்றும் சொல்வார்கள். வைத்தியம் அத்தோடு சரி.

பிறகு படித்த பள்ளியில் கணக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. 1798-ல் பாரிஸ் ஏகோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் முதலிடம், வயது 17. 1794-ல் தொடங்கிய அந்தப் பள்ளியிலிருந்துதான் பாலிடெக்னிக் என்ற பெயரே உலகம் பூராவும் பரவியது. அங்கே வரைபட வடிவியல் முக்கியப் பாடம். நம்மாளுக்கு நேர்க்கோடு கூட ஒழுங்காக விழாது. ஆனால் லக்ராஞ்சும் லாப்லாசும் அந்தப் பையனின் மூளையைப் பார்த்தார்கள், கையை அல்ல. சமன்பாடுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றுக்காக 1800-ல் இறுதித் தேர்வே எழுதாமல் வெளியே விட்டார்கள். பொறாமையாக இருக்கிறதல்லவா? 1806-ல் அதே பள்ளியில் பேராசிரியர். மின்சாரம், காந்தம், வெப்பம், ஒளி என்று முன்னூறுக்கும் மேற்பட்ட எழுத்துகள்.

எனக்குப் பெரிசாகப் படுவது அவர் 1837-ல் வெளியிட்ட நூல். பொருள் குதிரையும் இல்லை, சூதாட்டமும் இல்லை, நீதிமன்றத் தீர்ப்பு. அன்று பிரான்சில் கொலைக்குத் தண்டனை கில்லட்டின். 12 ஜூரிகளில் 7 பேர் சொன்னால் குற்றவாளி என்பதை 1831-ல் 8 பேர் என்று மாற்றியிருந்தார்கள். 7 போதுமா, 8 வேணுமா? ஒரு நிரபராதியின் தலை போகிற வாய்ப்பு எவ்வளவு? நீதித்துறை ஆண்டுதோறும் வெளியிட்ட கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1825 முதல் 1830 வரை நூற்றுக்குச் சுமார் 61 பேர் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். இதிலிருந்து ஜூரி தவறும் வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். மனுஷன் மனசைக் கணக்கில் அடைக்கலாமா என்று சக கணித அறிஞர்களே சண்டைக்கு வந்தார்கள். பேரெண் விதி என்ற பெயரை வைத்தவரும் இவரே.

400 பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூலில் நம்ம சூத்திரத்துக்குக் கிடைத்தது மிகச் சின்ன இடம். முயற்சிகள் ஏராளம், ஒவ்வொன்றிலும் நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றால் சராசரி ஒன்றே போதும். 0 தடவை, 1 தடவை, 2 தடவை நடக்கும் வாய்ப்பெல்லாம் வந்துவிடும். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1840 ஏப்ரல் 25-ல் அவர் காலமானார். ஈஃபில் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. ஆனால் கோபுரம் எழுந்த 1889-லும் அந்தச் சூத்திரம் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

எழுப்பியவர் போர்ட்கீவிச். ரஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்தவர். 1898-ல் பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை எடுத்தார். அமைப்பில் மாறுபட்ட 4 படைப்பிரிவுகளைத் தள்ளினால் மீதி 10 பிரிவு, 20 ஆண்டு. ஆக 200 பதிவு. இறந்தவர் 122. சராசரி 0.61. ஒருவரும் சாகாத பதிவுகள் 109. சூத்திரம் சொன்னது 108.7. ஒருவர் இறந்தது 65, சூத்திரம் 66.3. இருவர் 22, சூத்திரம் 20.2. மூவர் 3, சூத்திரம் 4.1.

ஒரே ஒரு பிரிவில் மட்டும் ஒரே வருஷத்தில் 4 பேர் போயிருக்கிறார்கள். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? லாயத்துப் பொறுப்பாளரைத்தான் முதலில் பிடிப்போம். நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஒரே மாசம் இரண்டு பேருக்குக் கை வெட்டுப்பட்டால் இன்ஸ்ட்ரக்டர் தலைதானே உருளும்? அவர் மேல் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரஷ்யாவில் யாரும் தப்பே செய்யாமல், குதிரைகள் தம் போக்கில் உதைத்திருந்தாலும், 200-ல் அப்படிப்பட்ட பதிவு 0.6 வரை எதிர்பார்க்கலாம் என்கிறது பாய்சான் கணக்கு. நடந்தது 1.