ஊர்ப் பெயருக்கு வேலி கட்டியவர்

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் கடக்கும்போது கையெடுத்துக் கும்பிட்டுப் போகிறவர் நீங்கள். பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தால் இன்னொரு வெள்ளைக்காரரையும் தெரிந்துகொள்ளுங்கள். இவர் அணை கட்டவில்லை. ஓர் ஊர்ப் பெயருக்கு வேலி கட்டினார்.

பியர் லெ ருவா 1890இல் பிரான்சில் பிறந்தார். சட்டம் படித்தார், முதல் உலகப் போரில் போர் விமானம் ஓட்டினார். போர் முடிந்ததும் ஷாத்தோநெஃப் டு பாப் என்ற ஊரில், திராட்சைத் தோட்டம் உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து, அங்கேயே விவசாயியாகத் தங்கிவிட்டார்.

அந்த ஊர் ஒயினுக்கு நல்ல பேர். பேர் இருக்கும் சரக்குக்குப் போலி வராமல் இருக்குமா? எங்கோ விளைந்த பழத்தில் செய்ததெல்லாம் அந்த ஊர்ப் பெயரில் விலைபோனது. பாடுபட்டவனுக்கு விலை கிடைக்கவில்லை. 1923இல் ஊர்க்காரர்கள் திரண்டு, சட்டம் தெரிந்த இவரிடம் வந்தார்கள்.

போலிக்காரன் மீது வழக்கு போடுவதோடு அவர் நிற்கவில்லை. முதலில் தங்களுக்கே கட்டுப்பாடு விதிக்கவைத்தார். தைம், லாவெண்டர் என்ற இரண்டு வாசனைச் செடிகளும் சேர்ந்து வளரும் வறட்டு நிலம் மட்டுமே எல்லைக்குள் வரும். இன்ன ரகம்தான் நட வேண்டும், இப்படித்தான் கவாத்து செய்ய வேண்டும். ஒயினில் ஆல்கஹால் 12.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இனிப்பு ஏறாத காயைப் பறித்தால் இந்த அளவு வராது என்பது உங்களுக்கே தெரியும். சிவப்பு ஒயின், இனிப்பில்லாத வெள்ளை ஒயின் இரண்டுக்கும் இதே அளவுதான். எல்லாவற்றையும்விடக் கடுமையானது அடுத்த விதி: பறித்த பழத்தில் நூற்றுக்கு ஐந்து பங்காவது கழித்து ஒதுக்க வேண்டும். நல்ல வருஷமானாலும் கழிக்கத்தான் வேண்டும்!

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போய், 1933இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 1935இல் செனட்டர் ஜோசப் காப்புவும் இவரும் பாடுபட்டு, நாடு முழுமைக்குமான ஊர்ப் பெயர்ச் சட்டம் வந்தது. மறு வருஷம் முத்திரை பெற்ற முதல் ஊர்களில் இவருடைய ஊரும் ஒன்று. பிறகு அதற்கான தேசிய அமைப்புக்கு 1947 முதல், 1967இல் இறக்கும்வரை தலைவராக இருந்தார். பக்கத்து வட்டார விவசாயிகள் அவர் உயிரோடு இருக்கும்போதே சிலை வைத்தார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. லெ ருவா பத்து வருஷம் கோர்ட்டுக்கு அலைந்து வாங்கியது, நமக்கு அவ்வளவு அலைச்சல் இல்லாமல் வந்திருக்கிறது. ஆனால் பன்னீர் ரகத்தில் ஒரே கொத்தில் கறுத்த பழமும் பச்சைக் காயும் கலந்து நிற்கும். விலை ஏறிய நாளில் அந்தக் கொத்தும் பெட்டிக்குள் போனால், கம்பத்தின் பெயரைக் கெடுக்க வெளியூர் போலி தேவையில்லை. பச்சைக் காயைக் கத்தரித்து எடுப்பது கூலிச் செலவுதான். அந்த ஊர்க்காரர்களும் அதே செலவைத்தான் செய்தார்கள்.

இன்னொன்று, குறியீடு ஊருக்கு வந்ததால் மட்டும் உங்கள் பெட்டியில் அதை ஒட்டிவிட முடியாது. சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக உங்கள் பெயரையும் பதிய வேண்டும்.