சேர்ஜி விட்டே (1849 – 1915): புகையிரதப் பாதையும் ரஷ்யக் கைத்தொழிலும்

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரஷ்யா கனியவளம் மிகுந்த நாடாக இருந்தும் கைத்தொழிலில் பிரித்தானியா, ஜேர்மனி ஆகியவற்றுக்குப் பின்தங்கியிருந்தது. அந்நிலையை மாற்றப் புகையிரதப் பாதையையே கருவியாகக் கொண்டவர் சேர்ஜி விட்டே ஆவார்.

இளமையும் உயர்வும்

விட்டே இன்றைய ஜோர்ஜியாவின் தலைநகரான திபிலீசியில் 1849 இல் பிறந்தார். ஒடெசாவில் கணிதம் கற்றபின் புகையிரத சேவையில் சேர்ந்தார். பயணச்சீட்டு விற்பனை உட்படப் பல வேலைகளையும் பழகி, தென்மேற்குப் புகையிரதக் கம்பனியின் முகாமையாளராக உயர்ந்தார். சார் மன்னர் மூன்றாம் அலெக்சாண்டரின் பாரமான புகையிரதத்தை மிகை வேகத்தில் செலுத்துவது ஆபத்தானது என அவர் எச்சரித்திருந்தார். 1888 இல் போர்க்கி என்னுமிடத்தில் அது தடம்புரண்டது. மன்னர் உயிர்தப்பினார். அடுத்த ஆண்டில் விட்டே அரச சேவைக்கு அழைக்கப்பட்டார். 1892 முதல் 1903 வரை நிதியமைச்சராகப் பணியாற்றினார்.

கைத்தொழிற் கொள்கை

பாதை அமைக்க இரும்பு தேவை. இரும்பு உருக்க நிலக்கரி தேவை. நிலக்கரியை உருக்காலைக்குக் கொண்டுசெல்லப் பாதை தேவை. இத்தொடர்பை விட்டே நன்கு பயன்படுத்தினார்.

1. 1891 இல் விதிக்கப்பட்ட உயர்ந்த இறக்குமதித் தீர்வையைத் தொடர்ந்து பேணினார்.
2. தண்டவாளங்களையும் புகையிரத இயந்திரங்களையும் உள்நாட்டு ஆலைகளிடமே அரசு கொள்வனவு செய்யச் செய்தார்.
3. தனியார் பாதைகள் பலவற்றை அரசுடைமையாக்கினார்.
4. 1897 இல் பொன் நியமத்தை ஏற்படுத்தி, பிரான்ஸ் முதலிய நாடுகளின் மூலதனத்தைக் கவர்ந்தார்.
5. 1891 இல் தொடங்கப்பட்ட சைபீரியப் பாதையின் வேலைகளை விரைவுபடுத்தினார்.

விளைவுகள்

1890 இல் ஏறத்தாழ 30,000 கிலோமீற்றராக இருந்த பாதையின் நீளம் 1900 இல் 53,000 கிலோமீற்றரைத் தாண்டியது. இதே காலத்தில் வார்ப்பிரும்பு உற்பத்தி ஏறத்தாழ மும்மடங்காகியது.

எனினும் இவ்வளர்ச்சியின் சுமையை விவசாயிகளே பெரிதும் தாங்கினர். வரியும் தீர்வையால் உயர்ந்த பொருள் விலையும் அவர்களை வருத்தின. நகரங்களில் பெருகிய தொழிலாளரும் குறைந்த கூலியால் அதிருப்தியுற்றனர். 1905 ஒக்டோபரில் புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. கைத்தொழிலை வளர்த்த அதே பாதைகள் அரசைப் பணியவைக்கும் ஆயுதமாயின. யப்பானுடன் போர்ட்ஸ்மவுத் உடன்படிக்கையைச் செய்து திரும்பியிருந்த விட்டே, மக்களுக்கு உரிமைகளை வழங்கும் ஒக்டோபர் பிரகடனத்தை வெளியிடுமாறு சார் மன்னர் இரண்டாம் நிக்கலஸை இணங்கச் செய்தார். ரஷ்யாவின் முதலாவது பிரதம அமைச்சரான அவர், 1906 இல் பதவி விலகி, 1915 இல் காலமானார்.

நினைவிற் கொள்க: அரசின் கொள்வனவு ஆலைகளை வளர்த்தது, ஆலைகளின் உற்பத்தி பாதைகளை நீட்டியது. ஆயினும் அதன் செலவைச் சுமந்த மக்களின் நிலை உயராமை 1905 புரட்சிக்கு ஒரு காரணமாயிற்று.