தள்ளாடினால் குடியா? டாக்டர்களே ஏமாந்த அபூர்வ நோய்.. பாடகர் வுடி கத்ரியின் கதை!

ஒருவர் நடக்கும்போது தள்ளாடுகிறார். பேச்சு குழறுகிறது. திடீர் திடீரென கோபம் வருகிறது. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? குடிச்சிருக்கார்னுதான். அமெரிக்காவின் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி விஷயத்தில் டாக்டர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள்.

யார் இவர்?

1912-ல் ஒக்லஹோமா மாகாணத்தின் ஒகீமா ஊரில் பிறந்தவர். 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் விவசாயத்தை அழிக்க, பிழைப்பு தேடி ஏராளமானோர் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவராகப் போய், அவர்களின் கஷ்டத்தைப் பாடிப் பெயர் வாங்கினார் வுடி. 1940-ல் அவர் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' இன்றுவரை அமெரிக்கப் பள்ளிகளில் ஒலிக்கிறது. நோபல் பரிசு வென்ற பாப் டிலனுக்கு இவர்தான் ஆதர்சம்.

அம்மாவுக்கும் இதே நிலை

வுடி சிறுவனாக இருந்தபோதே அவரது அம்மா நோராவின் கை கால்கள் கட்டுப்பாடில்லாமல் அசைய ஆரம்பித்தன. குணமும் மாறியது. ஊர் அவருக்குக் கொடுத்தது பைத்தியம் என்ற பட்டம். 1927-ல் அரசு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நோரா, அங்கேயே இறந்துபோனார்.

மாறி மாறி வந்த தவறான முடிவுகள்

1940-களின் கடைசியில் வுடியிடமும் மாற்றம் தெரிந்தது. நிதானம் தவறியது, நடை தடுமாறியது. அவருக்குக் குடிப்பழக்கமும் இருந்ததால் டாக்டர்களின் சந்தேகம் நேராக அதன்மேல் போனது. ஆஸ்பத்திரி மாறினார். இந்த முறை மனச்சிதைவு நோய் என்றார்கள். 1952-ல் புரூக்ளினில் உள்ள மருத்துவமனையில்தான் சரியான பெயர் கிடைத்தது: ஹண்டிங்டன் நோய்.

ஏன் இவ்வளவு குழப்பம்?

இது பரம்பரையாக வரும் மூளை நரம்பு நோய். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தலைகாட்டும். பலருக்கு முதலில் மாறுவது குணம். அதனால் மனநோய் என்று தோன்றும். பிறகு உடல் தானாக அசையும். அப்போது போதை என்று தோன்றும். இந்த நோயை ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற டாக்டர் 1872-லேயே விவரித்திருந்தார். ஆனாலும் உறுதி செய்ய அன்று எந்த டெஸ்ட்டும் கிடையாது. குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பதுதான் முக்கியத் துப்பு. நோராவின் நோய் சரியாக அடையாளம் காணப்பட்டிருந்தால், மகனுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது.

மருத்துவமனையிலேயே முடிந்த வாழ்க்கை

1956 முதல் நியூஜெர்சியின் கிரேஸ்டோன் மனநல மருத்துவமனையில் இருந்தார் வுடி. 1961-ல், அப்போது யாருக்கும் தெரியாத 19 வயது பாப் டிலன் அவரைத் தேடி வந்து, அவர் பாட்டுகளையே அவருக்குப் பாடிக் காட்டினார். கிடார் வாசித்த கை செயலிழந்தது. பேச்சும் நின்றது. 1967 அக்டோபர் 3 அன்று, 55 வயதில் காலமானார்.

விவாகரத்துக்குப் பிறகும் கடைசிவரை அவரைக் கவனித்தவர் மார்ஜோரி. பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு 50 சதவீத வாய்ப்பு உண்டு. தன் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருப்பது மார்ஜோரிக்குத் தெரியும். அதே 1967-ல் இந்த நோய்க்காக ஒரு அமைப்பைத் தொடங்கி, ஆராய்ச்சிக்குக் குரல் கொடுத்தார். வுடியின் முதல் மனைவிக்குப் பிறந்த இரு மகள்கள் இந்த நோய்க்கே பலியானார்கள்.

இப்போது என்ன நிலை?

1993-ல் இதற்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. இன்று ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யலாம். ஆனால் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை, அறிகுறிகளைக் குறைக்க மட்டுமே மருந்துகள் உண்டு. குடும்பத்தில் யாருக்காவது இப்படிக் காரணம் தெரியாத நடுக்கமோ, குண மாற்றமோ இருந்திருந்தால், டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க. வுடிக்குத் தேவைப்பட்ட துப்பு அவர் வீட்டிலேயேதான் இருந்தது.