என் மகிழ்ச்சியைக் கெடுத்த மேதை

கார்லோ பொன்ஃபெரோனி 1892இல் இத்தாலியின் பெர்கமோ நகரில் பிறந்தார். தூரினில் பியானோ பயின்றார், கணிதமும் பயின்றார். கணிதம் வென்றது. சங்கீதத்துக்கு நட்டந்தான்! பாரியிலும் பின்னர் பிளாரன்ஸிலும் பேராசிரியராயிருந்தார். பல நிகழ்ச்சிகளுள் ஒன்றேனும் நேரும் வாய்ப்புக்கு எல்லை கட்டும் சமனிலிகளை 1936இல் வெளியிட்டார். 1960இல் மறைந்தார்.

அவர் என்னிடம் வந்தது மரபணு வழியாக. நோயாளர், நலமுடையோர் மரபணுத் தொகுதிகளில் பத்து லட்சம் இடங்களை ஒப்பிட்டேன். நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான அளவுகோலில், தொடர்பே இல்லாவிடினும் தற்செயலாகச் சுமார் 50,000 இடங்கள் தேறிவிடும். அவர் வழியில் அந்த அளவைப் பத்து லட்சத்தால் வகுத்தால், இரண்டு கோடியில் ஒன்று. வகுத்தேன். அம்மாவிடம் தொலைபேசியில் பெருமையடித்த எட்டு இடங்களுள் ஒன்றே நின்றது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.